ஜயஸ்ரீ வாட்டலும் டிரிப்ஸ் ஒப்பந்தத்தின் 31ஆம் பிரிவும்

உலக வர்த்தக விதிகளைப் பேசி எழுதுகிறவர்கள் ஒரு பக்கம், அவற்றை ஆராய்கிறவர்கள் இன்னொரு பக்கம், அவற்றை நிர்வகிக்கும் அமைப்பில் பணியாற்றுகிறவர்கள் வேறொரு பக்கம் என்றுதான் பெரும்பாலும் இருக்கும். இந்த மூன்று இடங்களிலும் ஒருவரே இருந்து பார்ப்பது அரிது. ஜயஸ்ரீ வாட்டல் அப்படிப்பட்ட ஒருவர். 1988 முதல் 1990 வரை இந்திய வர்த்தக அமைச்சகத்தில் வர்த்தகக் கொள்கைப் பிரிவின் இயக்குநராக இருந்து, உருகுவே சுற்று எனப்பட்ட பன்னாட்டு வர்த்தகப் பேச்சுவார்த்தையில், அறிவுசார் சொத்துரிமை பற்றிய பேச்சின் முக்கியமான கட்டத்தில் இந்தியாவின் சார்பில் பங்கேற்றார். பிறகு அமெரிக்காவில் ஆய்வாளராக இருந்து, தான் பேசிய அதே ஒப்பந்தத்தின் விளைவுகளை ஆராய்ந்தார். 2001இல் ஜெனீவாவில் உலக வர்த்தக அமைப்பின் அறிவுசார் சொத்துரிமைப் பிரிவில் ஆலோசகராகச் சேர்ந்து 2019 வரை அங்கே பணியாற்றினார். காப்புரிமைச் சட்டம் கற்பிப்பதையே தொழிலாகக் கொண்ட நான், அந்தப் பேச்சில் உருவான, அறிவுசார் சொத்துரிமைக்கான உலக வர்த்தக அமைப்பின் ஒப்பந்தமான டிரிப்ஸின் ஒவ்வொரு சொல்லுக்கும் பின்னால் ஒரு பேரம் இருக்கிறது என்பதை அவருடைய எழுத்துகளிலிருந்துதான் முழுமையாக உணர்ந்தேன். தமிழில் அவரைப் பற்றி எழுதப்பட்டு நான் கண்டதில்லை என்பதால் இதை எழுதுகிறேன்.

அவர் ஜெனீவாவில் காக்க வேண்டியிருந்த சட்டத்திலிருந்து தொடங்குவதே முறை. 1970ஆம் ஆண்டின் இந்தியக் காப்புரிமைச் சட்டத்துக்கு அடித்தளமிட்டவர், சென்னை உயர்நீதிமன்ற நீதிபதியாக இருந்து பின்னர் உச்சநீதிமன்றம் சென்ற என். ராஜகோபால அய்யங்கார். 1959 செப்டம்பரில் அவர் அரசுக்கு அளித்த அறிக்கை, இந்தியாவில் வழங்கப்பட்ட காப்புரிமைகளில் 80 முதல் 90 சதவீதம் வெளிநாட்டினரிடம் இருந்ததையும், அவற்றில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டவை இந்தியாவில் உற்பத்திக்கே வராமல் கிடந்ததையும் எடுத்துக்காட்டியது. அந்த அறிக்கையின் வழியில் வந்த சட்டம், 1972 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தபோது, உணவுக்கும் மருந்துக்கும் பொருள் காப்புரிமையை மறுத்து, தயாரிக்கும் முறைக்கு மட்டும் காப்புரிமை வழங்கியது. அதற்கும் அதிகபட்சம் ஏழு ஆண்டுகள்தான். ஒரே மருந்தை வேறொரு முறையில் செய்யத் தெரிந்த எந்த இந்திய நிறுவனமும் அதைத் தயாரித்து விற்கலாம் என்ற நிலை அப்படித்தான் உருவானது. இந்திய மருந்துத் தொழில் இந்த வாய்ப்பில்தான் வளர்ந்தது.

1986இல் புண்டா டெல் எஸ்டேயில் உருகுவே சுற்று தொடங்கியபோது, உலக வர்த்தக அமைப்பின் முன்னோடியான காட் என்பது சரக்கு வர்த்தகத்துக்கான அமைப்பு, காப்புரிமைக்கு அங்கே இடமில்லை என்று இந்தியாவும் பிரேசிலும் உறுதியாக நின்றன. 1988 டிசம்பரில் மான்ட்ரியலில் நடந்த இடைக்கால மதிப்பீட்டுக் கூட்டம் முட்டிக்கொண்டு நின்றது. 1989 ஏப்ரலில் ஜெனீவாவில் அது முடிவுக்கு வந்தபோது, அறிவுசார் சொத்துரிமையின் தரங்களையும் பேசலாம் என்பதை இந்தியா ஏற்றுக்கொண்டது. அடுத்த மாதமே நியாயமற்ற வர்த்தகம் செய்வதாகத் தான் கருதும் நாடுகள்மீது பதிலடி எடுக்க வழிசெய்யும் தன் சூப்பர் 301 சட்டத்தின் கீழ் அமெரிக்கா ஜப்பான், பிரேசிலோடு இந்தியாவின் பெயரையும் அறிவித்தது. ஜூலையில் இந்தியா சமர்ப்பித்த விரிவான அறிக்கை, காப்புரிமை பற்றிய முடிவுகள் வளரும் நாடுகளின் கையிலேயே இருக்க வேண்டும் என்று தெளிவாக வாதாடியது. ஆனாலும் எதைப் பேசுவது என்ற கேள்வி ஏப்ரலிலேயே தீர்ந்துவிட்டிருந்தது. எப்படி எழுதுவது என்பதுதான் மிச்சம். வாட்டலின் பணி இந்த இடத்தில் வருகிறது.

அந்த நாள்களின் ஜெனீவாவை ஆவணங்களின் வழியாகவே நாம் பார்க்க முடியும். ஏரிக்கரையில், சர்வதேசத் தொழிலாளர் அமைப்புக்காக 1920களில் கட்டப்பட்ட வில்லியம் ராப்பார்டு மையம் அப்போது காட் அமைப்பின் தலைமையகம். பேச்சுவார்த்தைக் குழுவின் தலைவர் சுவீடனின் லார்ஸ் அனெல். 1990 ஜூலையில் அவர் தொகுத்து வெளியிட்ட வரைவில் தொழில்வள நாடுகளின் வாசகங்களுக்கு 'ஏ' என்றும், வளரும் நாடுகளின் வாசகங்களுக்கு 'பி' என்றும் குறியிட்டு, உடன்பாடு வராத சொற்களையெல்லாம் சதுர அடைப்புக்குறிக்குள் போட்டிருந்தார்கள். சில பக்கங்களில் அடைப்புக்குறிக்கு வெளியே இருக்கும் சொற்களைத் தேட வேண்டியிருக்கும். இந்தியத் தரப்பில் தூதர் எஸ்.பி. சுக்லாவும், அவருக்குப் பின் பி.கே. ஜுட்ஷியும், டெல்லியிலிருந்து ஏ.வி. கணேசனும் இருந்தார்கள். கணேசனின் முழுப்பெயர் ஆறுமுகமங்கலம் வெங்கடாசலம் கணேசன். பின்னாளில் உலக வர்த்தக அமைப்பின் மேல்முறையீட்டு அமைப்பில் உறுப்பினராக எட்டு ஆண்டுகள் இருந்தவர்.

கட்டாய உரிமம் என்பது, காப்புரிமை பெற்றவரின் சம்மதம் இல்லாமலேயே, அவருக்குத் தகுந்த தொகை கொடுத்து, வேறொருவர் அந்தக் கண்டுபிடிப்பைப் பயன்படுத்த அரசு அளிக்கும் அனுமதி. வளரும் நாடுகளுக்குப் பொருள் காப்புரிமையை ஏற்பதா வேண்டாமா என்பதற்கு அடுத்தபடியாக மிக முக்கியமான கேள்வி இதுதான். 1990 மே மாதம் அமெரிக்கா வைத்த வரைவு, கட்டாய உரிமத்தை இரண்டே காரணங்களுக்கு அனுமதித்தது: போட்டிச் சட்டத்தை மீறியதாகத் தீர்ப்பு வந்திருக்க வேண்டும், அல்லது தேசிய அவசரநிலை அறிவிக்கப்பட்டு அது நீடிக்கும் காலமாக இருக்க வேண்டும். மருந்தின் விலை அதிகம், உள்நாட்டில் உற்பத்தி இல்லை, தேவைக்கேற்ப விநியோகம் இல்லை என்பதெல்லாம் காரணமாகாது. அது அப்படியே ஒப்பந்தத்தில் ஏறியிருந்தால் கட்டாய உரிமம் என்பது ஏட்டளவில் மட்டும் எஞ்சியிருக்கும்.

இந்த இடத்தில் இந்தியக் குழு எதிராளியின் சட்டப் புத்தகத்தைத் திறந்து பார்த்தது. அமெரிக்கச் சட்டத் தொகுப்பின் 28ஆம் தலைப்பில் 1498ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. அமெரிக்க அரசோ அரசுக்காக வேலை செய்யும் ஒப்பந்ததாரரோ ஒரு காப்புரிமையை அனுமதியின்றிப் பயன்படுத்தினால், உரிமையாளர் அதைத் தடுத்து நிறுத்த முடியாது. இழப்பீடு கேட்டு வழக்குப் போடலாம், அவ்வளவுதான். முன்கூட்டிப் பேச வேண்டியதில்லை, அவசரநிலை அறிவிக்க வேண்டியதில்லை, காரணம் காட்ட வேண்டியதும் இல்லை. பாதுகாப்புத் துறைக்கு மிகவும் வசதியான இந்த ஏற்பாட்டை அமெரிக்கா ஒருபோதும் விட்டுக்கொடுக்காது. அப்படியானால், கட்டாய உரிமத்தையும் அரசுப் பயன்பாட்டையும் தனித்தனிப் பிரிவுகளாக எழுதாமல் ஒரே பிரிவாக இணைத்துவிட்டால் என்ன ஆகும்? கட்டாய உரிமத்துக்கு அமெரிக்கா விதிக்கும் ஒவ்வொரு தடையும் அதன் சொந்த அரசையே கட்டும். ஆகவே தடைகளைத் தளர்த்த அதுவே முன்வரும். இந்த யோசனை இந்தியக் குழுவிடமிருந்து வந்தது என்பதையும், அது எப்படி நிறைவேறியது என்பதையும் வாட்டல் பின்னாளில் எழுதிய கட்டுரையில் பதிவு செய்திருக்கிறார்.

அதன் விளைவை இன்றைய 31ஆம் பிரிவில் கண்ணால் பார்க்கலாம். அதன் தலைப்பு 'உரிமையாளரின் அனுமதியின்றிச் செய்யப்படும் பிற பயன்பாடு' என்பது. கட்டாய உரிமம் என்ற பெயரே அந்தப் பிரிவுக்குள் வராது. எந்தெந்தக் காரணங்களுக்காக உரிமம் வழங்கலாம் என்ற பட்டியலும் கிடையாது. எந்தக் காரணமானாலும், அதை வழங்கும்போது பின்பற்ற வேண்டிய நிபந்தனைகள் மட்டும் வரிசையாக வருகின்றன: ஒவ்வொரு விண்ணப்பத்தையும் தனித்தனியே பரிசீலிக்க வேண்டும், முதலில் உரிமையாளரிடம் நியாயமான விலைக்குக் கேட்டுப் பார்த்திருக்க வேண்டும், தகுந்த தொகை கொடுக்க வேண்டும், முடிவை மேல்முறையீடு செய்ய வழி இருக்க வேண்டும். உரிமையாளரிடம் முதலில் கேட்க வேண்டும் என்ற நிபந்தனைக்குக்கூட, அவசரநிலையிலும் வணிக நோக்கமற்ற பொதுப் பயன்பாட்டிலும் விலக்கு உண்டு. அந்த உட்பிரிவின் கடைசி வாக்கியம், காப்புரிமைப் பதிவேட்டைத் தேடிப் பார்க்காமலேயே அரசோ ஒப்பந்ததாரரோ காப்புரிமை இருப்பதை அறிந்தால் உரிமையாளருக்குத் தகவல் தர வேண்டும் என்கிறது. தேடிப் பார்க்கும் கடமைகூட அரசுக்கு இல்லை என்பதை இவ்வளவு நுணுக்கமாகச் சொல்லும் இந்த வாக்கியத்தில் 1498ஆம் பிரிவின் சாயல் அப்பட்டமாகத் தெரிகிறது. வகுப்பில் இந்த வாக்கியத்தைப் படிக்கும் மாணவர்கள், வளரும் நாடுகளுக்கான சலுகையாகக் கருதப்படும் ஒரு பிரிவில் அமெரிக்க ஒப்பந்ததாரர் எங்கிருந்து வந்தார் என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு விடை சொன்னால் பேச்சுவார்த்தையின் கதை முழுவதும் வந்துவிடும்.

இதை வெற்றிக் கதையாக மட்டும் சொல்லிவிட முடியாது. 1991 டிசம்பர் 20ஆம் தேதி காட் அமைப்பின் தலைமை இயக்குநர் ஆர்தர் டங்கல் வெளியிட்ட வரைவில், எல்லாத் தொழில்நுட்பத் துறைகளுக்கும் பொருள் காப்புரிமை, 20 ஆண்டு காலம், இறக்குமதியையும் உள்நாட்டு உற்பத்தியையும் பாகுபடுத்தக் கூடாது என்ற விதி எல்லாம் இருந்தன. இந்தியா பெற்றது, மருந்துப் பொருள் காப்புரிமைக்கு 2005 ஜனவரி வரை அவகாசம். அந்த அவகாசத்திலும், 1995 முதலே விண்ணப்பங்களை வாங்கிச் சேர்த்து வைக்க வேண்டும் என்ற நிபந்தனை ஒட்டிக்கொண்டது. அதை நிறைவேற்றாததற்காக அமெரிக்கா தொடுத்த வழக்கில் 1997 டிசம்பரில் இந்தியா தோற்றது. அய்யங்கார் அறிக்கையின் அடிப்படை ஏற்பாடே கைவிட்டுப் போனது என்று டங்கல் வரைவை எதிர்த்தவர்கள் அன்று சொன்னது உண்மை. அவர்களின் கோபத்தை நான் மதிக்கிறேன். இருந்தும், பெரிய வாதம் தோற்றுப்போன பிறகும் மேசையை விட்டு எழாமல், மிச்சமிருந்த இடத்தில் ஒரு பிரிவை நாட்டுக்குச் சாதகமாக எழுத வைத்தவர்களுக்குரிய மதிப்பு இந்தியாவில் சரியாகக் கொடுக்கப்படவில்லை என்பது என் உறுதியான எண்ணம்.

ஆய்வாளராக வாட்டல் செய்த வேலைகளில் 2000இல் வெளியான அவருடைய விலைக் கட்டுரை தனித்து நிற்கிறது. இந்தியாவில் பொருள் காப்புரிமை வந்தால் மருந்து விலை எவ்வளவு ஏறும் என்பதை, அப்போது சந்தையில் இருந்த மருந்துகளை வைத்துக் கணக்கிட்டார். விடை ஒரே எண்ணாக வரவில்லை. விலை ஏறும்போது தேவை எப்படிக் குறையும் என்பதற்கு ஓர் அனுமானத்தை எடுத்தால் சராசரி உயர்வு 26 சதவீதம். வேறோர் அனுமானத்தை எடுத்தால் 242 சதவீதம். பொருளாதாரக் கட்டுரைகள் பலவும் நடுவில் ஓர் எண்ணைத் தேர்ந்து தலைப்பில் போட்டுவிடும். இரண்டு எல்லைகளையும் வாசகர் முன் வைத்துவிட்டு, விலைக் கட்டுப்பாடும் கட்டாய உரிமமும் அந்த உயர்வை எவ்வளவு தணிக்கும் என்று அடுத்த கேள்விக்குப் போவது அவருடைய முறை. காப்புரிமை வந்தால் நாடே அழியும் என்றவர்களும், விலையே ஏறாது என்றவர்களும் மாறி மாறிப் பேசிய காலத்தில் இந்த நேர்மை பெரிய விஷயம். மறு ஆண்டில் வெளிவந்த அவருடைய நூல், வளரும் நாடுகளின் அலுவலர்களுக்காக ஒப்பந்தத்தின் பிரிவுகளை ஒவ்வொன்றாக எடுத்து, எந்தச் சொல் யாருடைய வரைவிலிருந்து வந்தது, அது எவ்வளவு இடம் விட்டிருக்கிறது என்று விளக்கியது.

2001இல் அவர் உலக வர்த்தக அமைப்பின் செயலகத்துக்குப் போனார். செயலக அலுவலர் எந்த உறுப்பு நாட்டின் பக்கமும் பேசக்கூடாது. ஒப்பந்தத்தின் பொருளை நாடுகள் தீர்மானிக்கும், அலுவலர் குறிப்பு எழுதித் தரலாம், பயிற்சி தரலாம், கூட்டம் நடத்தலாம். பேச்சுவார்த்தையில் பங்கேற்ற ஒருவரின் குரல் பதினெட்டு ஆண்டுகள் அந்தக் கட்டுப்பாட்டுக்குள் இருந்ததில் நமக்கு இழப்பு இருக்கத்தான் செய்கிறது. எதிரெதிர் தரப்புகளும் நம்பிக்கையோடு படிக்கக்கூடிய ஆவணங்கள் அந்த ஆண்டுகளில்தான் உருவாயின என்பது மறுபக்கம். உலக சுகாதார அமைப்பும் உலக அறிவுசார் சொத்துரிமை அமைப்பும் உலக வர்த்தக அமைப்பும் சேர்ந்து 2013இல் வெளியிட்ட மருத்துவத் தொழில்நுட்பங்கள் பற்றிய கூட்டு ஆய்வு அவற்றில் ஒன்று. என்னைப் பொறுத்தவரை அதைவிட மதிப்புள்ளது, ஆன்டனி டாப்மேனோடு சேர்ந்து 2015இல் அவர் பதிப்பித்த தொகுப்பு. டிரிப்ஸ் பேச்சுவார்த்தையில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தவர்களையே, கணேசன் உட்பட, எழுத வைத்திருக்கிறார்கள். பேசியவர்கள் ஒவ்வொருவராக மறைந்துகொண்டிருக்கும் நேரத்தில், யார் எதை ஏன் விட்டுக்கொடுத்தார்கள் என்பதை அவர்கள் வாயாலேயே கேட்டு வாங்கி வைத்தது சாதாரண வேலை அல்ல.

அவர் செயலகத்தில் சேர்ந்த ஆண்டே 31ஆம் பிரிவு சோதனைக்கு வந்தது. 2001 அக்டோபரில் ஆந்த்ராக்ஸ் பீதி பரவியபோது, பேயர் நிறுவனத்தின் சிப்ரோ மருந்தை அதன் அனுமதியின்றி வாங்குவோம் என்று அமெரிக்க அரசே எச்சரித்து விலையைக் குறைக்க வைத்தது. அதற்கு அடுத்த மாதம், நவம்பர் 14ஆம் தேதி, தோஹாவில் கூடிய அமைச்சர்கள், பொதுச் சுகாதாரத்தைக் காக்கும் நடவடிக்கைகளை டிரிப்ஸ் தடுக்காது, தடுக்கவும் கூடாது என்று அறிவித்தார்கள். கட்டாய உரிமம் வழங்கும் காரணங்களைத் தீர்மானிக்கும் சுதந்திரம் ஒவ்வொரு நாட்டுக்கும் உண்டு என்றும் அந்த அறிவிப்பு சொன்னது. பட்டியலே இல்லாத ஒரு பிரிவைத்தானே 1990இல் எழுதி வைத்திருந்தார்கள்.

அந்தச் சுதந்திரம் இந்திய நோயாளியின் மருந்துச் சீட்டு வரை வந்ததை நாம் 2012இல் பார்த்தோம். கல்லீரல், சிறுநீரகப் புற்றுநோய்க்கான நெக்ஸாவர் மருந்துக்கு பேயர் நிறுவனம் மாதத்துக்கு 2,80,428 ரூபாய் விலை வைத்திருந்தது. 2012 மார்ச் 9ஆம் தேதி காப்புரிமைக் கட்டுப்பாட்டாளர் பி.எச். குரியன், அதை 8,880 ரூபாய்க்கு விற்கும் கட்டாய உரிமத்தை நாட்கோ நிறுவனத்துக்கு வழங்கினார். பொதுமக்களின் தேவை நிறைவேறவில்லை, விலை கட்டுப்படியாகவில்லை, மருந்து இந்தியாவில் தயாரிக்கப்படவில்லை என்பவை அவர் சொன்ன காரணங்கள். அமெரிக்காவின் 1990 மே வரைவு நிலைத்திருந்தால் இந்த மூன்றில் ஒன்றுகூடச் செல்லாது. பேயரின் மேல்முறையீட்டை விசாரித்தது சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியம்; அதன் தலைவர் நீதிபதி பிரபா ஸ்ரீதேவன். 2013 மார்ச்சில் வாரியம் உரிமத்தை உறுதிசெய்து, பேயருக்குத் தர வேண்டிய பங்கை 6 சதவீதத்திலிருந்து 7 ஆக உயர்த்தியது. அதே நீதிபதி 2007இல் சென்னை உயர்நீதிமன்றத்தில் நோவார்ட்டிஸ் தொடுத்த வழக்கில், காப்புரிமைச் சட்டத்தின் 3(டி) பிரிவு செல்லும் என்று தீர்ப்பளித்த அமர்விலும் இருந்தவர். அது இன்னொரு பிரிவின் கதை. தனியாக எழுத வேண்டியது.

31ஆம் பிரிவில் ஒரு குறையை அப்படியே விட்டுவிட்டார்கள். அதன் 'எஃப்' உட்பிரிவு, கட்டாய உரிமத்தில் தயாரிப்பவை முக்கியமாக உள்நாட்டுச் சந்தைக்கே இருக்க வேண்டும் என்கிறது. இந்தியா போலப் பெரிய சந்தையும் சொந்தத் தொழிற்சாலைகளும் உள்ள நாட்டை அது பெரிதாகப் பாதிப்பதில்லை. தயாரிக்கவே வசதியில்லாத நாடு என்ன செய்யும் என்ற கேள்விக்குத் தோஹாவில் பதில் இல்லை. 2003 ஆகஸ்டில் ஒரு தற்காலிக ஏற்பாடு வந்தது; அதையே ஒப்பந்தத் திருத்தமாக்கி, 31 பிஸ் என்ற பெயரில் 2017 ஜனவரியில் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். அந்த ஏற்பாட்டின் கீழ் கனடாவின் அபோடெக்ஸ் நிறுவனம் ருவாண்டாவுக்கு எச்.ஐ.வி. மருந்தை 2008இலும் 2009இலும் அனுப்பியது. அத்தனை ஆண்டுக் கால உழைப்பில் விளைந்த ஏற்பாட்டுக்கு இது மிகவும் சொற்பமான பயன்.

வாட்டல் ஜெனீவாவிலிருந்து ஓய்வுபெற்ற மறு ஆண்டு பெருந்தொற்று வந்தது. 2020 அக்டோபர் 2ஆம் தேதி இந்தியாவும் தென்னாப்பிரிக்காவும் டிரிப்ஸ் விதிகளிலிருந்து பரந்த விலக்குக் கேட்டன. 2022 ஜூன் 17ஆம் தேதி கிடைத்த முடிவு அதைவிட மிகக் குறுகியது: வளரும் நாடுகள் கோவிட் தடுப்பூசிகளைக் கட்டாய உரிமத்தில் தயாரித்து ஏற்றுமதி செய்ய, ஐந்து ஆண்டுகளுக்கு 'எஃப்' உட்பிரிவின் கட்டுப்பாடு இல்லை. முப்பது ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட ஒரே ஓர் உட்பிரிவைச் சுற்றியே அந்தப் பெரிய பேச்சு கடைசியில் வந்து நின்றது. சிகிச்சை மருந்துகளுக்கும் பரிசோதனைக் கருவிகளுக்கும் அதை நீட்டிக்க வேண்டும் என்ற கோரிக்கை, 2024 பிப்ரவரியில் அபுதாபியில் அமைச்சர்கள் கூடியபோதும் உடன்பாடு காணவில்லை.